காதுக்குள் உருண்ட பளிங்கு

அத்தியாயம் ஒன்பது

கடலில் ஒருமுறை பெருஞ்சுழல் ஒன்று எழுந்தது. சேறும் நுரையும் கலந்து எங்கும் இருண்டுபோயிற்று. மேல் எது, கீழ் எது என்று எந்த மீனுக்கும் விளங்கவில்லை. சுறா ஒரு திசையைக் காட்டி அதுதான் மேல் என்றது. திமிங்கிலம் நேர் எதிரான திசையைக் காட்டியது. அப்போது ஓர் இறால் முன்னால் வந்து, "என் தலைக்குள் ஒரு சின்னப் பரல்கல் வைத்திருக்கிறேன். அது எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கம் கீழ். என் பின்னால் வாருங்கள்" என்றது. எல்லா மீன்களும் பிழைத்தன. பிழைத்த பிறகு சுறாவுக்குப் பொறாமை தாளவில்லை. வாலைச் சுழற்றி இறாலின் தலையில் ஓங்கி அறைந்தது. பரல் இடம் மாறியது. அதன் பிறகு அந்த இறாலுக்கு அமைதியான கடலும் சுழலாகவே இருந்தது.

வாசகர்கள் அந்தப் பரலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கட்டும். பளிங்குப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இரண்டு பேர் நமக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஒருத்தி துப்பறிவாளர். நாற்பதைத் தாண்டியவள். உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் முழுக்கத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தால் ஊரில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். மற்றவன் அவளுடைய உதவியாள். அவன் வாய் ஓயாத காரணத்தால் தவளை. பேருந்து நடத்துநராகச் சேர்ந்து, பேருந்தில் ஏறினாலே குமட்டல் எடுத்ததால் வேலையை விட்டவன். இப்போதும் வண்டியில் வந்தால் முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பான்.

"அக்கா, இந்தச் சந்துல எதிர்ல ஆள் வந்தா, ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறித்தான் போகணும் போல."

"வாயை மூடிக்கிட்டுச் சுவரைப் பாருடா."

சுவரில் வெள்ளைக் கைத்தடங்கள் இருந்தன. பட்டறையின் பின்கதவில் தொடங்கி, தெரு வரைக்கும்.

சில நாட்களுக்கு முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மின்சாரம் நின்று இயந்திரங்கள் ஓய்ந்திருந்தபோது, பட்டறை முதலாளியை அவருடைய அறையிலேயே யாரோ சம்மட்டியால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். முதல் அடியில் அவர் சாகவில்லை. மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த பளிங்கு உருண்டையைத் தூக்கி எதிரியின் தலையில் அடித்திருக்கிறார். உருண்டை இரண்டாகப் பிளந்தது; ஒரு துண்டில் முண்டாசு நூல் ஒட்டியிருந்தது. அதன் பிறகு அவர்மேல் விழுந்த அடிகளை எண்ணும் பொறுமை மருத்துவருக்கு இருந்தது. நமக்கு வேண்டாம். அறையின் கூரைவரை இரத்தம் தெறித்திருந்தது என்று சொன்னால் போதும்.

பக்கத்து வீட்டிலிருந்த முதலாளியம்மா ஓர் அலறலைக் கேட்டாள். "அம்மா!" என்ற அலறல். அது கணவருடைய குரல் அல்ல. ஓடிவந்து பார்த்தபோது, வெள்ளையாக ஓர் உருவம் இந்தச் சந்தில் தள்ளாடித் தள்ளாடி ஓடுவதை முதுகுப்புறமாகத்தான் கண்டாள். பளிங்குப் பட்டறையில் வேலை நேரத்தில் யாருக்கும் முகம் கிடையாது. தலையில் தடித்த முண்டாசு, மூக்குவரை துணி, மிச்சமெல்லாம் கல்மாவு. யாரை யாரென்று நடையை வைத்தே தெரிந்துகொள்வார்கள். அந்த நடை ஒரு குடிகாரனுடைய நடை. பட்டறையில் பெயர் பெற்ற குடிகாரன் ஒருவன்தான், முதலாளியின் தம்பி. எல்லாரும் சின்னவன் என்பார்கள். "என் கொழுந்தன் மாதிரி இருந்துச்சு" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. சின்னவன் பயந்து எங்கோ ஒளிந்துகொண்டான். போலீஸ் ஒரு பக்கம் தேடியது. போலீஸுக்கு முன்னால் அவனைப் பிடித்துவிட வேண்டும் என்று பட்டறை ஆட்கள் மறுபக்கம் தேடினார்கள்.

இவர்கள் சந்துக்கு வந்த அன்று காலை முதலாளியம்மாவே ஆந்தையின் வீட்டுக்கு வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவனைக் கொன்னுடுவாங்க. அவன்தான்னா சட்டம் பாத்துக்கட்டும். அவன் இல்லைன்னா, அந்தப் பாவம் என் தலையில விழும். எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தேடறவங்களுக்கு யாரு தலைமை?"

"எங்கண்ணன்தான். ரம்பத்துக்கு மேஸ்திரி. அவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. அன்னையிலேர்ந்து பாயில படுக்கவே இல்ல. என் வாசல்ல நாற்காலியைப் போட்டு, நிமிர்ந்து உக்காந்த மேனிக்கே காவல் இருக்காரு."

அவள் போன பிறகு தவளை பெருமூச்சு விட்டான். "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான். நான் செத்தாக்கூடக் குறட்டையை நிறுத்த மாட்டான்."

இப்போது சந்தில், ஆந்தை கழுத்தைத் திருப்பினாள். "உன் எலுமிச்சம்பழத்தைக் குடு."

"வேணாம்க்கா. திரும்பிப் போறப்ப எனக்கு வேணும்."

அவள் பழத்தைப் பிடுங்கி, நகத்தால் கீறி, ஒரு கைத்தடத்தின் ஓரத்தில் சாற்றைப் பிழிந்தாள். வெள்ளைத் தடம் சிறு குமிழிகளாகப் பொங்கியது.

"பெயிண்ட்னா பொங்காது. இது ரம்பத்தடியில ஓடற கல்சேறு. பளிங்கோட பால். கொன்னவன் கை சேத்துல நனைஞ்சிருந்திருக்கு."

"அதாவது பட்டறை ஆள். அதுக்கு என் பழத்தைக் கொல்லணுமா? பட்டறையில கொலை, பட்டறைக் கதவுல ஓட்டம். இதை எங்க தெரு நாய்கூடச் சொல்லும்."

"நாய் இதைச் சொல்லுமா பாரு. தடம் எந்தப் பக்கம் இருக்கு?"

தவளை பார்த்தான். தடங்கள் எல்லாம் வலப்பக்கச் சுவரிலேயே இருந்தன. கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் இருந்த இடப்பக்கச் சுவர் சுத்தமாக இருந்தது.

"குடிச்சவன் எப்படி நடப்பான்?" என்றாள் ஆந்தை.

"எங்கப்பாவைக் கேக்கறீங்களா? இந்தச் சுவர்ல முட்டி அந்தச் சுவர்ல மோதி, கடைசியில நடுவுல படுத்துப்பாரு."

"இவன் ஒரே பக்கமாச் சாயறான்."

சந்து முடியும் இடத்தில் ஒரு பெண் வண்டியில் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆந்தை கேட்டவுடன் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாக்காம என்ன? என் வண்டிச் சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டுக் குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துட்டு ஓடினான், கட்டையில போறவன். யாருன்னு கேக்காதீங்க, சுண்ணாம்புப் பொம்மை மாதிரி இருந்தான். நான்தானே கழுவினேன்! போலீஸு வந்து, குடிகாரன் எடுத்த வாந்தின்னு எழுதிக்கிட்டுப் போச்சு."

"நாத்தம் எப்படி இருந்துச்சும்மா?"

"அதைத்தான் ஒருத்தரும் கேக்கல. சாராய நாத்தம் துளிகூட இல்ல. என் வீட்டுக்காரரு புண்ணியத்துல எனக்கு அந்த நாத்தம் தெரு முனையிலேயே தெரியும். இவன் தின்னது வெறும் சோறும் மோரும்."

"அம்மா, நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்" என்றான் தவளை.

"சேந்தா உன் சட்டையை யாரு தேய்க்கறது? பிச்சைக்காரன் மாதிரி இருக்கு. கழட்டிக் குடு."

சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு தவளை நகர்ந்தான். ஆந்தை பட்டறைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"குடிக்காமலே தள்ளாடறவன், குடிக்காமலே வாந்தி எடுக்கறவன் யாருடா?"

"நான்தான். பஸ்ல ஏறினா."

அவள் சட்டென்று நின்றாள். கழுத்து மட்டும் திரும்பியது. "பஸ்ல ஏறினா உனக்கு எங்க சுத்துது?"

"தலையில."

"காதுல. நம்ம ஒவ்வொரு காதுக்குள்ளயும், ஆழத்துல, ஒரு பசை மேல சின்னச்சின்னப் படிகங்கள் ஒட்டிக்கிட்டிருக்கு. தலை சாயற பக்கம் அதுங்க பாரமும் சாயும். அதை வெச்சுத்தான் மேல் எது, கீழ் எதுன்னு மூளைக்குத் தெரியுது. அந்தப் படிகம் எதுனால ஆனதுன்னு நினைக்கற?"

"என் காதுல உள்ளதா? அழுக்கால."

"கால்சியம் கார்பனேட். ஒரே வயித்துல பொறந்த மூணு பேர் மாதிரி அதுக்கு மூணு உருவம் உண்டு. மூத்தது கால்சைட், திடமான பிள்ளை. சுண்ணாம்புப் பாறை, பளிங்கு, முட்டை ஓடு எல்லாம் அதுதான். நடுப்பிள்ளை அரகோனைட். முத்து, சிப்பிக்குள்ள இருக்கற பளபளப்பு, மீனோட காதுக்கல், எல்லாம் அவ. கடைசிப் பிள்ளை வாட்டரைட். ஓரிடத்துல நிலைக்காது, கொஞ்ச நாள்ல அண்ணன் மாதிரியோ அக்கா மாதிரியோ மாறிடும். பண்ணையில வளர்ற மீனுங்க காதுல எப்பவாவது தலை காட்டும். நம்ம காதுல இருக்கறது மூத்த பிள்ளை."

தவளை நடப்பதை நிறுத்தினான். "அப்போ முதலாளி அடிச்ச உருண்டையும்..."

"பளிங்கு. வெளியே அடிச்சதும் அதுதான். உள்ளே உதிர்ந்ததும் அதுதான். முண்டாசு இருந்ததால மண்டை உடையல, ரத்தமும் வரல. ஆனா வலப்பக்கக் காதுக்குள்ள படிகம் பசையை விட்டுக் கழண்டு, போகக் கூடாத குழாய்க்குள்ள போயிடுச்சு. அதான் அவன் வலப்பக்கமாவே சாஞ்சிருக்கான். அவனுக்கு இன்னும் சரியாகியிருக்காது. சும்மா நின்னா ஒண்ணும் தெரியாது. படுத்தா, தலையைப் பின்னால சாய்ச்சு மேல பாத்தா, உலகமே தலைகீழாச் சுத்தும்."

"அப்போ கஷ்டமே இல்லையேக்கா! மேல பாக்காத ஆளைத் தேடணும். அவ்வளவுதானே? கிரேன்காரர்! நேத்து மதியம் பாதி வேலையில இறங்கினவர் இன்னும் மேல ஏறலையாம். வாசல்ல ரெண்டு பேரு பேசிக்கிட்டாங்க. உசரமே பொழைப்பா இருக்கறவருக்குத் திடீர்னு ஏணி கசக்குமா?"

ஆந்தைக்கும் அது நியாயமாகவே பட்டது.

கிரேன்காரர் பட்டறையின் பின்முற்றத்தில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, வடம் போன்ற கைகள். இவர்களைக் கண்டதும் எழுந்து விறுவிறுவென்று நடந்தார். தவளை பாய்ந்து இடுப்பைப் பிடித்தான். கிரேன்காரரின் முழங்கை அவன் மூக்கில் இறங்கியது. தவளை மூக்கை விட்டான், இடுப்பை விடவில்லை. இருவரும் உருண்டு கல்சேற்றில் விழுந்தார்கள். பக்கத்தில் கிடந்த சங்கிலியை எடுத்துக் கிரேன்காரர் வீசினார். அது தவளையின் காதோரம் காற்றைக் கிழித்துச் சென்று, சாய்த்து வைத்திருந்த ஒரு பாளத்தைத் துண்டாக்கியது. தவளை அவரைத் தொட்டிமேல் மல்லாக்கச் சாய்த்து, தாடையைப் பிடித்துத் தலையைப் பின்னால் தள்ளி, தண்ணீரில் அமிழ்த்தினான்.

"சுத்துதா? சொல்லு! சுத்துதா?"

கிரேன்காரருக்கு எதுவும் சுற்றவில்லை. மல்லாந்த நிலையிலேயே காலை உயர்த்தி, குறிபார்த்து உதைத்தார். தவளை ஒரு கற்குவியலின்மேல் போய் உட்கார்ந்தான். மூக்கிலிருந்து இரத்தம் சட்டையில் கொட்டியது.

"அக்கா, இவரு இல்ல" என்றான் தவளை.

"தெரியுது."

"யாருடா நீங்க? என்னை மறுபடி ஏறச் சொல்லவா வந்தீங்க?" என்று கிரேன்காரர் இருமினார்.

ஆந்தை அவர் முன்னால் உட்கார்ந்தாள். "உங்களைச் சந்தேகப்பட்டது எங்க தப்பு, மன்னிச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே. ஏன் ஏற மாட்டேங்கறீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு அவசர லோடுன்னு நேத்து மிஷினை ஓட்டச் சொன்னாங்க. ஏறினேன். எங்க வேலைக்கு ஒரு முறை உண்டும்மா. கொக்கியைத் தூக்கறதுக்கு முன்னால, கீழ இருக்கற மேஸ்திரி நல்லா நிமிர்ந்து என் கண்ணைப் பாக்கணும். கண்ணும் கண்ணும் பாத்தாத்தான், கீழ ஆள் யாரும் மாட்டிக்கலைன்னு அர்த்தம். சத்தத்துல வார்த்தை கேக்காது. ரம்பம் ஓடறப்ப கொக்கி கீழ நின்னா, ரம்பம் அதைக் கவ்வி இழுத்து ஆளைக் கொன்னுடும். அதனால பாக்காம தூக்கறதில்ல, தூக்காம ஓட்டறதில்ல. எங்க மேஸ்திரி ஒரு நாளும் இதுல பிசகினதில்ல. நேத்து மட்டும் கட்டை விரலை மட்டும் காட்டறாரு. தலையை நிமிர்த்தவே இல்ல. நான் கத்தறேன், திட்டறேன், தரையையே பாத்துக்கிட்டு விரலைக் காட்டறாரு. என்னால ஒரு உசிரு போக வேணாம்னு கொக்கியை அப்படியே விட்டுட்டு இறங்கிட்டேன்."

தவளை மூக்கைப் பிடித்திருந்த கையை எடுத்தான். ஆந்தையின் கழுத்து மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பியது. முதலாளியம்மாவின் வாசலில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

"படுக்கலடா அவரு" என்றாள் ஆந்தை. "பாசத்தால இல்ல. படுக்க முடியல."

அந்தக் கணத்தில் ரம்பக் கொட்டகைக்குள்ளிருந்து ஓர் அலறல் எழுந்தது.

"சின்னவனைப் புடிச்சுட்டாங்க!" என்றார் கிரேன்காரர்.

ஆந்தை அவர் கையைப் பற்றினாள். "அண்ணே, இப்ப ஏறுவீங்களா? நேத்து கேட்டதையே இன்னைக்கும் கேளுங்க. வேற எதுவும் செய்ய வேணாம்."

அவர் ஏணியை நோக்கி ஓடினார்.

"போலீஸுக்குப் போன் பண்ணுடா" என்று சொல்லிக்கொண்டே ஆந்தை கொட்டகைக்குள் நுழைந்தாள்.

மின்சாரம் நின்றுபோயிருந்தது. கூரை ஓட்டை வழியே விழுந்த வெளிச்சத்தில் கல்மாவு மிதந்தது. வண்டிச் சக்கரத்தைப் போல் இரு மடங்கு பெரிய வட்ட ரம்பத்தின் முன்னால், கல் ஏற்றும் டிராலியில், கல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னவனைக் கயிற்றால் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு கிழிந்து பல் தெரிந்தது. ஒரு கண் மூடிவிட்டது. சுற்றிலும் வெள்ளை மனிதர்கள் நின்றார்கள். அவன் தலைக்கு நேர் மேலே, நேற்று விட்ட இடத்திலேயே கிரேன் கொக்கி தொங்கியது.

மேஸ்திரி கையில் சம்மட்டி இருந்தது. அதன் கட்டையால் சின்னவனின் விரல்களில் அடித்தார். சுள்ளி முறிவது போல் சத்தம் கேட்டது.

"ஒத்துக்கோடா! கூடப்பொறந்தவனைக் கொன்னேன்னு உன் வாயால சொல்லு!"

"நான் குடிக்கல..." என்றான் சின்னவன். அவனிடம் வேறு பேச்சே இல்லை. "நான் குடிக்கல, மேஸ்திரி... குடியை விட்டுட்டேன்... அண்ணனுக்குத் தெரியும்..."

"செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடறான் பாரு!" மேஸ்திரி மறுபடி கட்டையை ஓங்கினார். "கரெண்ட் வரட்டும். கல்லை அறுக்கற மாதிரி அறுக்கறேன்."

தவளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தான். இருவர் அவனைப் பிடித்து, ஏற்கெனவே உடைந்த மூக்கில் இன்னொன்று வைத்தார்கள். "எல்லாரும் அங்கேயே அடிக்கறீங்களேய்யா! வேற இடமே இல்லையா?" என்று அவன் கத்தினான். கத்திக்கொண்டே டிராலியின் பக்கத்தில் விழுந்தான். விழுந்தவன் எழவில்லை. அவன் கையில் ஒரு கூரான கற்சில்லு இருந்ததையும், அது கயிற்றில் தேய்ந்துகொண்டிருந்ததையும் ஆந்தை மட்டுமே பார்த்தாள்.

விளக்குகள் கண் சிமிட்டி எரிந்தன. மின்சாரம் வந்துவிட்டது.

"போடுடா சுவிட்சை!" என்றார் மேஸ்திரி.

தூணில் இருந்த விசைக்கருகே நின்றவன் தயங்கினான். "கொக்கி கீழ நிக்குது, மேஸ்திரி."

மேஸ்திரி தரையைப் பார்த்தபடியே கட்டை விரலை உயர்த்தினார். "தூக்கு!"

மேலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன, ஒரு தலையைத் தவிர.

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு, மேஸ்திரி. சொல்லு, தூக்கறேன்."

"தூக்குடா நாயே!"

"நாய்தான். நாயையாவது நிமிர்ந்து பாரு."

கொட்டகை அடங்கியது. அந்த வேலையில் கை இழந்தவர்களும், கூடப் பணிசெய்தவர்களை இழந்தவர்களும் அங்கே இருந்தார்கள். கோபத்தில் ஒருவனைக் கொல்ல அவர்கள் துணிந்திருந்தார்கள். ஆனால் கொக்கியின் முறையை மீற ஒருவனும் துணியவில்லை. விசைக்காரன் கையை எடுத்துவிட்டான்.

"ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பாருங்க, மேஸ்திரி" என்றாள் ஆந்தை. "பாத்துட்டீங்கன்னா நாங்க வழியை விட்டு விலகிக்கறோம்."

"என் சார்பா வாக்குக் குடுக்காதீங்கக்கா" என்று தரையிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

"யாருடி நீ?"

"பாக்க முடியாதுன்னா சொல்லிடுங்க. ஏன் முடியாதுன்னு நான் இவங்களுக்குச் சொல்றேன்."

வெள்ளை முகங்கள் அவரையே பார்த்தன. முன்பெல்லாம் நிமிடத்துக்கு ஒருமுறை செய்த காரியம் அது. மேஸ்திரி பல்லைக் கடித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, மேலே பார்த்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவருடைய கண்மணிகள் துடித்துச் சுழலத் தொடங்கின. வாய் கோணியது. கூரை தன்மேல் கவிழ்வது போல் ஒரு கையை உயர்த்தி, வலப்பக்கமாகச் சாய்ந்தார். ஆந்தை நின்ற திசையை நோக்கிச் சம்மட்டியை வீசினார். அது அவளைத் தாண்டிப் போய் ஒரு பளிங்குப் பாளத்தை நொறுக்கியது. பிடிமானம் தேடிய கை தூணைத் தடவிற்று. தூணில் விசை இருந்தது. முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டுவிட்டார்.

ரம்பம் சீறிச் சுழன்றது. டிராலி நகர்ந்தது.

கிரேன்காரர் யார் கண்ணுக்கும் காத்திராமல் கொக்கியை மேலே இழுத்தார். தவளையின் கற்சில்லு கடைசிப் புரியை அறுத்தது. சின்னவன் உருண்டு எழுவதற்குள், விசையை விட்டுத் தடுமாறிய மேஸ்திரி டிராலியின்மேல் குப்புற விழுந்தார். அவர் தலை ரம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சின்னவன் யோசிக்கவில்லை. முறிந்த விரல்களோடேயே அவருடைய சட்டையைப் பற்றி, வலியில் கதறிக்கொண்டே பின்னால் சாய்ந்து இழுத்தான். ரம்பத்துக்கு முண்டாசின் முனை மட்டும் கிடைத்தது. அது துணியை உருவிச் சுழற்றி, கந்தலாக்கிக் காற்றில் வீசியது. விசைக்காரன் பாய்ந்து நிறுத்தினான்.

முண்டாசு போன தலையில், வலது காதுக்கு மேலே, முட்டை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. கன்றிக் கறுத்து, ஓரங்களில் பச்சை படர்ந்திருந்தது.

"முதலாளியோட மேசையில இருந்த உருண்டை எந்த அளவுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ஆந்தை. "தடம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."

ஒருவரும் அருகே போகவில்லை. மேஸ்திரி கண்களை இறுக மூடி, டிராலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தார். வாந்தி எடுத்தார். பிறகு பேசினார்.

"குடியை விட்டுட்டானாம். ரம்பத்தை அவன்கிட்டக் குடுக்கப் போறாராம். என் மச்சான் என்னைக் கணக்குப் பாக்கற அறையில உக்காரச் சொல்றாரு. என் வாழ்க்கை முழுக்க இந்த மிஷின்கிட்ட நின்னவன் நான். ஒரு குடிகாரனுக்காக..." அவர் தலையைத் திருப்ப முயன்று, நடுங்கி, மறுபடி கண்களை மூடினார். "சுத்துது. யாராச்சும் புடிச்சுக்குங்கடா. விட்டுடாதீங்க."

அவருடைய சட்டையைச் சின்னவன் இன்னும் விடவில்லை.

"புடிச்சிருக்கேன், மேஸ்திரி" என்றான். "நான் விழறப்பல்லாம் அண்ணன் என்னை இப்படித்தான் புடிச்சுக்குவாரு."

போலீஸ் வந்தது. மேஸ்திரியைப் பின்கதவு வழியாக நடத்திப் போனார்கள். வாசலில் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் அவளைத் தாண்டிப் போனார், நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்தில் கால் வைத்ததும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. சேறு படிந்த அவருடைய கை சுவரைத் தேடி, பழைய வெள்ளைத் தடம் ஒன்றின்மேல் தானாகப் போய்ப் பொருந்தியது. பிறகு அடுத்த தடத்தின்மேல்.

முதலாளியம்மா அந்த முதுகைச் சந்து முடியும்வரை பார்த்தாள்.

"அன்னைக்கு நான் பாத்தது இதைத்தான்" என்றாள். "எங்கண்ணனோட முதுகு எனக்கே தெரியாமப் போச்சு."

தவளை மூக்கில் துணியைப் பொத்தியபடி ஆந்தையிடம் மெல்லக் கேட்டான். "இந்தச் சுத்தலுக்கு மருந்து உண்டாக்கா?"

"மருந்தே வேணாம். தெரிஞ்ச டாக்டர், தலையைப் பக்குவமாச் சாய்ச்சுச் சாய்ச்சுத் திருப்பினா, படிகம் குழாயை விட்டு வெளிய வந்துடும். ஜெயில்லயும் டாக்டர் உண்டு."

"என் பஸ் வாந்திக்கு?"

"நடந்து வா."

உள்ளே, முதலாளியம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து, டிராலியின்மேல் உட்கார்ந்திருந்த சின்னவனின் விரல்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவனோ இன்னும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் குடிக்கல, அண்ணி."

"தெரியும்பா." அவள் முடிச்சைப் போட்டாள். "இப்பத்தான் தெரியும்."

அவன் எழுந்தான். இரத்தம் போன உடம்பு. ஓரடி வைத்தான், தள்ளாடினான், மறுபக்கம் சாய்ந்தான். கொட்டகை முழுவதும் அதைப் பார்த்தது. அந்த நடையை அவர்களுக்கு வருடக்கணக்காகத் தெரியும். ஆனால் அன்று ஒருவனும் அதற்குப் பெயர் சொல்லவில்லை. ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கிரேன்காரர் கடைசிப் படிகளை விட்டுக் குதித்து ஓடிவந்தார். அவருக்கு முன்பே, மாவு அப்பிய கைகள் பல, நான்கு பக்கத்திலிருந்தும் அவனைத் தாங்கிக்கொள்ள நீண்டிருந்தன.